இருபத்தோராவது கேள்வி

சமூக ஊடகத்தில் பிள்ளைகளுக்கு எவ்வளவு விவரம் என்று அளக்க நானே ஒரு படிவம் தயாரித்தேன். இருபது கேள்விகள். ‘பொய்ச் செய்தியைப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பேன்’ என்பது போல ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தில் பதினெட்டு வருடமாக ப்ளஸ் டூ எடுக்கிறவள். எனக்குப் படிவத்தில் துளி சந்தேகமும் இல்லை. நானும் ஒன்றை நிரப்பினேன். எல்லாவற்றுக்கும் ஐந்து.

வகுப்பிலும் ஐந்து ஐந்தாகக் குவிந்தது. சாலைக் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள் மட்டும் எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டிருந்தாள். பாவம், உலகம் தெரியாத பெண் என்று முடிவுகட்டித் தனி வகுப்புக்கு வரச் சொன்னேன்.

“பார்த்த உடனே எனக்குத் தெரியாது டீச்சர். தேடிப் பார்த்தாத்தான் தெரியும். அதான் ரெண்டு” என்றாள், முகம் வாடி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓணத்துக்கு முன்னால் வரும் காலாண்டுப் பரீட்சை சமயம். மறுநாள் கணக்கு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் காப்பி கலக்கும்போது, எங்கள் வலியசாலைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் கலெக்டர் மழை விடுமுறை விட்ட கார்டு வந்தது. குழாயில் தண்ணீர் வராத நாள், கோயில் நடை சாத்தும் நேரம் எல்லாம் அந்தக் குரூப்பில்தான் தெரிந்துகொள்வோம், ஒருநாளும் தப்பியதில்லை. கார்டை அப்படியே வகுப்புக் குரூப்புக்கு அனுப்பி, ‘நாளை பரீட்சை இல்லை’ என்றும் எழுதினேன். ஐந்து போட்டவர்கள் அத்தனை பேரும் இதயம் போட்டார்கள்.

அவளிடமிருந்து மட்டும் போன் வந்தது.

“டீச்சர், கார்டுல வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு. நாளைக்கு வியாழனல்லே? கலெக்டரோட பேஜ்லயும் ஒண்ணும் காணல்ல. பழைய கார்டாக்கும்.”

கார்டைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமைதான். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பரீட்சை! உடனே குரூப்பில் எழுதினேன்: ‘நான் அனுப்பியது பொய்ச் செய்தி. சரிபார்க்காதது என் தப்பு. நாளை பரீட்சை உண்டு.’ பிறகு ஒரு வீடு விடாமல் போன் போட்டேன். காலையில் முப்பத்தெட்டுப் பேரும் நனைந்துகொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பரீட்சை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, பொய்ச் செய்திக் கேள்விக்கு எனக்கு எத்தனை போடுவாய் என்று கேட்டேன்.

“மூணு டீச்சர்.”

“ரெண்டுகூட அதிகமாச்சே!”

“ரெண்டுதான். எல்லாரும் பார்க்கத் தப்புன்னு சம்மதிச்சீங்கல்லே, அதுக்கு ஒண்ணு.”

என் படிவத்தில் அதற்குக் கேள்வியே இல்லை. அன்றைக்கே இருபத்தோராவதாக எழுதிச் சேர்த்தேன். தனி வகுப்பு இப்போதும் நடக்கிறது, ஐந்து போடுகிறவர்களுக்கு.