முத்தக் காட்சிக்கு நான் எழும்பவில்லை: பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு ஒரு படம் பார்க்கப் போன கதை

மே மாத நடுவில் ஒரு படம் பார்ப்பதற்காகப் பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் போய்வந்தேன். ஒரு படத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டரா என்று கேட்பீர்கள். இருபத்தாறு வருடம் பேர்கனில் பஸ் ஓட்டியவன் நான். காரணமில்லாமல் ஒரு தரிப்பிடத்தில்கூட நிறுத்தியதில்லை. ஆகவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே மகள், நிலானி. ஒஸ்லோவுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக லமின் என்ற பெடியனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவன் ஒஸ்லோவில் பிறந்தவன். தாய் தகப்பன் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். ஜூன் மாதம் கல்யாணத்தைப் பதியப்போகிறோம், வாருங்கோ என்று தைப்பொங்கல் அன்று தொலைபேசியில் சொன்னாள். வரமாட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெடியனின் நிறத்துக்கு எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் பாவிக்கிற சொல் ஒன்று இருக்கிறது, அதையும் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன். "அப்பா, நீங்கள் கண்ணாடி பாக்கிறேல்லையோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நாலு மாதம் கதையில்லை. என் மனைவி சறோ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. பிள்ளையும் போய்விட்டால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? ஆனாலும் வீம்பு விடவில்லை.

மே தொடக்கத்தில் அவளே குறுஞ்செய்தி அனுப்பினாள். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு சின்ன மண்டபத்தில் அவளும் சிநேகிதர்களும் மூன்று நாள் படம் காட்டுகிறார்களாம். எல்லாம் கறுப்பின மக்களின் காதல் படங்கள். "சனிக்கிழமைப் படத்துக்கு வாங்கோ. பாத்திட்டு வேண்டாமெண்டு சொன்னால் நான் இனி ஒண்டும் கேக்க மாட்டன். பாக்காமல் சொல்லாதேங்கோ." இதுதான் செய்தி. ஜூனுக்கு முன் கடைசிச் சந்தர்ப்பம் என்று விளங்கியது.

இனிப் பயணம். காலை 7.57 ரயில். மூன்று வாரத்துக்கு முன் எடுத்தால் மலிவு; நான் வீம்பில் கடைசி நேரத்தில் எடுத்தேன், 749 குரோணர். ஆறே முக்கால் மணித்தியாலம். வலப்பக்க யன்னல் இருக்கை கேட்டு எடுங்கள். பேர்கனை விட்டதுமே சுரங்கங்கள் தொடங்கிவிடும், படம் எடுக்கிறேன் என்று கைத்தொலைபேசியைத் தூக்கும்போதெல்லாம் இருட்டு வரும். ஃபின்ஸதான் பாதையில் ஆக உயரமான நிலையம், 1222 மீற்றர். மே மாதத்திலும் அங்கே யன்னல்மட்டம் வெண்பனி. ரயிலில் கோப்பி 42 குரோணர், வாயில் வைக்க முடியாது. நான் வீட்டிலிருந்து பாணும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஃபின்ஸ தாண்டிய பிறகு யோசிக்க நேரம் இருந்தது. எங்கள் வீட்டில் படம் பார்க்கும் முறையைச் சொன்னால் உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள், உங்கள் வீட்டிலும் அதுதான். தொலைக்காட்சியில் இரண்டு பேர் கிட்ட வந்தால் எனக்குத் தண்ணீர் விடாய்க்கும். எழும்பிக் குசினிக்குப் போவேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு காது கொடுப்பேன். சங்கீதம் மாறினால் திரும்பி வருவேன். ரிமோட் கையில் இருந்தால் ஓட்டிவிடுவேன். துவக்குச் சண்டையை ஒருநாளும் ஓட்டியதில்லை. அதனால் கறுப்பின மக்கள் வரும் படங்களில் நாங்கள் பார்த்து மிஞ்சியதெல்லாம் துவக்கும் பொலிசும் சிறையும்தான். அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்ட இடத்திலெல்லாம் நான் குசினியில் நின்றேன்.

பின்னேரம் 2.45க்கு ஒஸ்லோ மத்திய நிலையம். அங்கிருந்து குறொன்லாண்டுக்கு நடையில் பத்து நிமிடம், டி-பான என்ற நிலக்கீழ் ரயிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். மகளுக்கு முருங்கைக்காய் வாங்க ஒரு தமிழ்க் கடைக்குள் போனேன். கட்டு 65 குரோணர், பேர்கனை விட மலிவு. கல்லாவில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை பேர்கனோ? நிலானியின்ரை அப்பாவெல்லோ? முகம் அப்பிடியே இருக்கு. படத்துக்கு வந்தனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"இஞ்சை பாருங்கோ, உங்கடை மருமகன் தான் வந்து ஒட்டினவர். நல்ல பெடியன், ஏணியும் தானே கொண்டு வந்தவர்."

கதவில் விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. மருமகன் என்ற சொல்லை அந்த மனுசன் சும்மா சொல்லிவிட்டார், எனக்குத்தான் முருங்கைக்காய்ப் பை கையில் கனத்தது.

படம் ஐந்து மணிக்கு. நுழைவு 80 குரோணர். வாசலில் லமின் நின்றான். ஆறடிக்கு மேல் உயரம், கண்ணாடி போட்டவன். என்னிடம் காசு வாங்கவில்லை. நான் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அப்படித்தான் நடந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? நிலானி தூரத்தில் நின்று தலையை மட்டும் அசைத்தாள்.

அறுபது கதிரை, எல்லாம் நிறைந்திருந்தது. படத்துக்கு முன் நிலானி நொர்வேஜிய மொழியில் கொஞ்சம் பேசினாள். கறுப்பினத்தவர்களின் காதலைத் திரையில் காட்டினால் யாராவது ஒருவர் சாக வேண்டும், இல்லையென்றால் சிறைக்குப் போக வேண்டும். அவர்களுக்கு ஆறுதலாக ஒரு நாள் இருந்து சண்டை பிடிக்கவும் சமாதானமாகவும் நேரம் கொடுப்பதில்லை. அந்த நேரத்தைக் கொடுத்த படங்களைத்தான் தேடி எடுத்தோம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த நாட்டுத் தொலைக்காட்சி எங்களையும் எத்தனை தரம் காட்டியிருக்கிறது! குண்டுச் சத்தம், முகாம், அழுகிற பெண்கள். நானும் சறோவும் உருளைக்கிழங்குக் கறிக்கு உப்புக் காணாது என்று அரை நாள் கதைக்காமல் இருந்ததை எவன் காட்டினான்?

படம் சாதாரணக் கதை. நடு வயதுப் புருசன் பெண்சாதி. அவன் தபால்காரன், அவள் பாடசாலையில் சமைக்கிறவள். பிரிந்து போக முடிவெடுத்து, சாமான்களைப் பிரிக்கிறார்கள். நடுவில் பழைய நாட்கள் வருகின்றன. முத்தக் காட்சி வந்தது. ஒன்றல்ல, மூன்று. நான் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கல்லுப்போல இருந்தேன். நிலானி மூன்றாவது வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் எழும்பவில்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. அவளுக்குத் தோளில் வருத்தம், கை தூக்க முடியாது. தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல்கள். அவற்றை அவிழ்க்க வேண்டும், அது மணிக்கணக்கான வேலை. பிரியப்போகிற புருசன் சோபாவில் இருக்க, அவள் கீழே அவன் முழங்கால்களுக்கு நடுவில் இருக்கிறாள். வாய் காசைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் சண்டை பிடிக்கிறது, கை அவிழ்க்கிறது. ஒரு கையால் மயிரின் வேரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நுனியிலிருந்து சிக்கெடுக்கிறான். அப்படிப் பிடித்தால் நோகாது.

நான் எழும்பிவிட்டேன். நாலு பேரின் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் லமின் வந்தான், கையில் காகிதக் குவளையில் தண்ணீர். மகள் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறாள் போல. "முத்தமெல்லாம் முடிந்துவிட்டது, உள்ளே வரலாம்" என்றான் நொர்வேஜிய மொழியில், பகிடியாக. என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

ஒருவருக்கும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். சறோவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தபின் பதினொரு மாதம் நான்தான் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டேன். வேரைப் பிடிக்கப் பழக்கியவளும் அவள்தான். முதல் மாதம் பின்னல் மாட்டு வால் மாதிரி இருக்கும், ஏசுவாள். கை இவ்வளவு மோசம் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆகவே ஞாயிறு வீடியோ அழைப்புக்கு முன் நான் பின்னிவிடுவேன், அவள் முன்னால் இருந்து சிரிப்பாள்.

லமின் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். குவளையை என் கையில் தந்தான். "இதை நான் அவளிடம் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான். நான் உள்ளே போகும்போது வெளிச்சம் போட்டுவிட்டார்கள், படம் முடிந்திருந்தது.

நிலானி என்னைப் பார்க்கவே இல்லை. டி-பானவில் அவர்கள் வீடு இருக்கிற ரொம்சோஸ் வரை இருபது நிமிடம், ஐந்தாம் இலக்க ரயில், 44 குரோணர். எதிர் இருக்கையில் இருந்தாள். ரொம்சோஸ் நிலையம் பாறையைக் குடைந்து கட்டியது, பார்க்கத்தக்கது. அங்கே இறங்கும்போதுதான் சொன்னாள்.

"அரைவாசியிலை எழும்பிப் போட்டியள். உங்கடை பதில் விளங்கீட்டுது, அப்பா."

"அது அதுக்கில்லை பிள்ளை."

"காணும், விடுங்கோ."

லமின் என்னைப் பார்த்தான். நான் முருங்கைக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். வீட்டில் நிலானி முருங்கைக்காய்க் கறி சமைத்தாள், ருசியாகத்தான் இருந்தது.

காலையில் எனக்கு 12.03க்கு ரயில். நிலானி பதினொரு மணிக்கு மண்டபம் திறக்க வேண்டும். தலை முழுகிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து ஈர மயிரை வறட் வறட்டென்று இழுத்துக்கொண்டிருந்தாள், கோபம் முழுக்கச் சீப்பில். தாயின் மயிர்தான், இடுப்பு வரை. லமின் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இஞ்சை தா சீப்பை" என்றேன்.

"என்ன?"

"தா எண்டுறன். பிய்க்கப் போறாய்."

விறைப்பாக இருந்தாள். நான் பின்னால் கதிரையைப் போட்டு இருந்து, இடக்கையால் வேரைப் பிடித்து, நுனியிலிருந்து தொடங்கினேன். மூன்று வருடம் தொடாத வேலை, கை மறக்கவில்லை. மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கும்போது அவள் தோள் அசைவது தெரிந்தது.

"அம்மா இப்பிடித்தான் பிடிக்கிறவ."

"அம்மா தான் பழக்கினவ."

"எப்ப?"

"கை ஏலாமல் போனாப் பிறகு. ஞாயிற்றுக்கிழமையளிலை நீ வீடியோவிலை பாத்த பின்னல் முழுக்க நான் பின்னினது. உனக்குச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம். நேற்று அந்தப் படத்திலை அவன் வேரைப் பிடிச்சவன். என்னாலை இருக்கேலாமல் போச்சு, பிள்ளை."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் பின்னல் குழம்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே இருந்து அழுதாள். நானும் அழுதேன், எழுத வெட்கமில்லை. லமின் கோப்பிக் கோப்பையோடு பல்கனிக்குப் போய்விட்டான். அட, அவனும் குசினிக்குப் போகிற சாதிதான் என்று நினைத்தேன்.

"ஜூனிலை உனக்கு ஆர் தலை பின்னுறது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"அப்ப நான் வாறன்."

இனி, போகிறவர்களுக்குச் சில விசயங்கள். ரயில் சீட்டை முன்கூட்டியே எடுங்கள். ஜூனுக்கு நான் 399க்கு எடுத்துவிட்டேன். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். குறொன்லாண்டில் நடந்து திரியுங்கள். இப்படியான படங்கள் எங்காவது காட்டினால், உங்கள் வீட்டில் யார் யாரைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும், போய்ப் பாருங்கள். ரிமோட் இல்லாத இடத்தில் பாருங்கள். நடுவில் எழும்ப வேண்டி வந்தால் எழும்புங்கள், பிழையில்லை. ஆனால் ஏன் எழும்பினீர்கள் என்று உங்கள் பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்கு அது மூன்று வருடமும் ஒரு இரவும் பிந்திவிட்டது.