முத்தல் இலையும் பறிக்கும் மிஷின்

பக்கவாதம் வந்தவர்களுக்கு ஊசி குத்தி, அதில் மெல்லிய மின்சாரம் விடும் ஹட்டன் சிகிச்சை நிலையத்தில், அந்த அம்மா எனக்குப் பக்கத்துக் கட்டில். டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வெற்றிலைக் கறைப் பற்கள். மிஷினைப் போட்டதும் அவருடைய செயலிழந்த வலக்கை விரல்கள் துடிக்கும். உடனே மிஷினைத் திட்டத் தொடங்கிவிடுவார்.

"முத்தல் எலையையும் சேத்துப் பறிக்குது பாருங்க. எங்க தோட்டத்து வேலைய மேப்பாக்குற கண்டாக்கையா பாத்தா வீட்டுக்கு வெரட்டிருவாரு!"

ஒருநாள் பாதியில் கரண்ட் போய், மிஷின் நின்றுவிட்டது. ஆனால் அவருடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே மெதுவாக நெருங்கித் தொட்டு விலகின. டாக்டர் குனிந்து பார்த்தார்.

"இப்பதாங்க டாக்டர், ரெண்டு எலை, ஒரு மொட்டுன்னு ஒழுங்கா பறிக்குது!" என்று அவர் சிரித்தார்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எனக்கும் ஒரு கைதான் வேலை செய்தது, தொடையில் தட்டினேன்.