பப்ளிக்கா, பிரைவேட்டா?

இந்த நாட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவனிடம் வந்து, நீ எந்த வகை நோயாளியாக இருக்க விரும்புகிறாய் என்று கேட்கிறார்கள். சிட்னிக்கு வந்து ஒன்பது வருடமாகியும் எனக்கு அது தெரியாது.

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போக வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் நின்றவன், வலது விலாவுக்குக் கீழே வந்த வலியில் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி கவிதா ஓடிவந்து, அருகிலிருந்த அரசு மருத்துவமனையில் சேர்த்தாள். பித்தப்பையில் கல், வீங்கியிருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஊசி போட்டு வலி அடங்கியதும் ஓர் ஊழியர் படிவத்தோடு வந்து கேட்டார்: "பப்ளிக்கா, பிரைவேட்டா?"

அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்க அரசாங்கம் கொடுத்த மெடிகேர் அட்டை என்னிடம் இருந்தது. பரமட்டாவில் நான் வேலை பார்க்கும் கம்பெனி எடுத்துத் தந்த தனியார் காப்பீடும் இருந்தது. யோசிக்காமல் "பிரைவேட்" என்றேன். வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள் என்று செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் குழம்பிப்போனார்.

"எங்கே கிளம்புகிறீர்கள்? இதே கட்டில்தான்."

"அப்புறம் எதற்குக் கேட்கிறீர்கள்?"

"கேட்டாக வேண்டும். செலவு மெடிகேருக்கா, காப்பீட்டுக்கா என்று எழுத வேண்டுமே," என்று சிரித்தார். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

கோயம்புத்தூரில் அப்பா மில் தொழிலாளி. மில்லில் கொடுத்த இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது, அதை பீரோவிலேயே விட்டுவிட்டுத் தனியார் நர்சிங் ஹோமுக்குத்தான் அழைத்துப் போனார். கவர்மென்ட் ஆஸ்பத்திரி கதியற்றவர்களுக்கு என்று எங்கள் தெருவே நம்பியது. என் வாயில் 'பிரைவேட்' என்று வந்தது அந்தத் தெருவின் குரல்தான்.

காப்பீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டு வந்தாள் கவிதா. "ஏங்க, பிரைவேட் ஆஸ்பத்திரிக்கே மாறிக்கலாமாம். ஆனா புதன்கிழமைதான் இடம் கிடைக்குமாம். அதுவரைக்கும் தாங்குமா?"

பக்கத்துக் கட்டிலை மறைத்த திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு யாழ்ப்பாணக் குரல் வந்தது. என் வயதுதான் இருக்கும், பஸ் ஓட்டுபவராம். "குறை நினைக்காதேங்கோ, காதில விழுந்திட்டுது. எனக்கும் வேலையில தந்த பிரைவேட் இன்சூரன்ஸ் காட் இருக்கு. முழங்கால் ஒப்பரேசனுக்கு அதைத்தான் பாவிச்சனான். இல்லாட்டி கனகாலம் காத்திருக்கோணும். ஆனா இது அவசரமெல்லோ?"

"அப்ப இதுக்கு மெடிகேர் போதும்ங்கறீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், நான் இப்ப அதிலதான் படுத்திருக்கிறன்."

அறுவை மருத்துவர் வந்தார். இளம்பெண். பிரைவேட் என்று சொன்னால் பெரிய டாக்டர் வருவாரா என்று கேட்டேன். "நீங்கள் கேட்கும் டாக்டருக்கு நேரமிருந்தால் வரலாம். இல்லையென்றால் நான்தான்," என்றார். அவர் முகத்தில் கோபமில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. செருப்பைக் கீழே போட்டுவிட்டு, பப்ளிக் என்ற கட்டத்தில் டிக் செய்தேன். அன்று மாலையே பித்தப்பையை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் இன்னொரு படிவத்தை நீட்டினார். அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேர் வேண்டும். முதலில் கவிதா. இரண்டாவதாக எழுத இங்கே யாரும் தோன்றவில்லை. கோவையிலிருக்கும் தம்பியின் நம்பரை எழுதினேன். கட்டங்கள் பத்துதான். நாட்டு எண்ணோடு சேர்த்து எழுதியதில், கடைசி இரண்டு இலக்கங்கள் கட்டத்தைத் தாண்டித் தாளின் ஓரத்தில் போய் நின்றன.