கோர்ட்டுக்குப் போன வாலிபால்

மலரு, கதிரு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். போனில் இதைச் சொல்ல வந்தால் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன், நீங்களும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறீர்கள். அப்பா வெளிநாட்டில் இருக்கிற வேறு பிள்ளைகள் படித்தாலும் சரிதான்.

இங்கே ஜெபல் அலியில் அடிக்கிற வெயிலில் ரோட்டுத் தாரே இளகுகிறது. நான் மட்டும் பஞ்சு வைத்த கோட்டும் கம்பளிக் குல்லாவும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். உறைந்த கோழியும் மீனும் அடுக்கிவைக்கிற கோல்ட் ஸ்டோரில் பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவனுக்கு அதுதான் உடுப்பு. வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. அப்படி நின்ற ஒரு மத்தியானத்தில்தான் மலரின் போன் வந்தது.

"அப்பா, எங்க காலேஜ் லீக்க விட்டு வெளிய வந்துருச்சுப்பா."

"எந்த லீக்கும்மா?"

"நாங்க ஆடுறோம்ல, அந்த காலேஜ் லீக்குதான். வேற லீக்ல சேரப் போறாங்களாம், அதுல டிவில காட்டுவாங்களாம். ஒப்பந்தம் முடியாம எப்படிப் போவீங்கன்னு பழைய லீக் ஆளுங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. வெளிய போனவங்கன்னு இங்க சேக்க மாட்டேங்குறாங்க, கோர்ட் தடை போட்டதால அங்கயும் ஆட முடியாது."

மலருக்குக் காலேஜில் இது கடைசி வருஷம். அவள் ஆட்டத்தைப் பார்க்க எனக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு. அவள் பந்து அடித்து நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூட டீமில் சேர்ந்தபோது நான் கத்தாரில் ராஸ் லஃபான் சைட்டில் இருந்தேன். மாவட்டப் போட்டியில் ஜெயித்தபோது இங்கே வந்திருந்தேன். நான் லீவில் வரும்போதெல்லாம் உங்களுக்குப் பரீட்சை, இல்லையென்றால் விடுமுறை. கழுத்தில் மெடலோடு போட்டோவில் நிற்கிற மலரைத்தான் எனக்குத் தெரியும். அதை வாங்குவதற்காகக் குதிக்கிற மலரைத் தெரியாது.

அதற்காகத்தான் இந்தப் போன் வருவதற்கு முன்பே, கூட வேலை செய்கிற சேகரிடம் அவன் லீவைக் கேட்டிருந்தேன். எங்கள் செக்ஷனில் ஒருவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். இது அவன் முறை. பெரம்பலூர்க்காரன், என் ரூம்தான். மனைவிக்குத் தலைப்பிரசவம். "நீங்க போயிட்டு வாங்கண்ணே. பிள்ளை எங்க ஓடிறப் போவுது, அப்பறமா வந்து பாத்துக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தான்.

தடை என்று கேட்டதும் கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கிற கீழக்கரை ஜமால் பாயிடம் சொன்னேன். "கோர்ட்டுக்குப் போயிருச்சா? அப்ப ஒம்ம பேத்தி ஆடும்போதுதாம்வே தீர்ப்பு வரும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் வரப்புத் தகராறு மலர் பிறக்கும் முன்பே கோர்ட் ஏறியது, இன்னும் வாய்தாவிலேயே கிடக்கிறது. கேஸ் என்றால் நமக்கு அது ஒன்றுதானே தெரியும்? ஆட்டமே இல்லாத ஊருக்குப் போய், சேகர் பிள்ளை முகம் பார்ப்பதை ஏன் கெடுக்க வேண்டும் என்று லீவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

எங்கள் எகிப்துக்கார மேனேஜருக்கு என் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். "டாட்டர், கோர்ட் கேஸ், சார்." அவர் பதறி எழுந்துவிட்டார். மகள் என்ன செய்தாள் என்று கேட்டார். "வாலிபால் ஆடினாள், சார்" என்றேன். "வாலிபால் ஆடினால் உங்கள் நாட்டில் கேஸா?" என்று வாய் பிளந்தவர், எனக்கு ஒரு பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்து, தோளைத் தட்டி, "கலாஸ், முடிந்தது, விடு. இறைவன் இருக்கிறான்" என்று லீவைச் சேகர் பெயருக்கே மாற்றிவிட்டு அனுப்பிவைத்தார்.

சேகர் ஊர் போய்ச் சேர்ந்த வாரமே மலர் போனில் கத்தினாள். "அப்பா, ஜட்ஜு விட்டுட்டாரு! கேஸ் முடியிறவரைக்கும் பழைய லீக்லயே ஆடலாம்னுட்டாரு. பெரியவங்க சண்டையில பிள்ளைங்க வருஷம் வீணாகக் கூடாதுன்னு சொன்னாராம். நீங்க எப்பப்பா வர்றீங்க?"

"சேகர் ஊருக்குப் போயிருக்கான்ம்மா."

 "சரிப்பா" என்றாள்.

ஆட்டம் நடந்த நேரம் நான் மைனஸ் குளிரில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சுவருக்குள் போன் எடுக்காது. டியூட்டி முடிந்து பஸ்ஸில்தான் கதிர் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். எல்லோரும் ஒரே சட்டை, ஒரே பின்னல். என் மகள் யார் என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணுகளா. சர்வீஸ் போடுமுன் ஒருத்தி இரண்டு உள்ளங்கையையும் தொடையில் துடைத்தாள். வண்டி ஸ்டீரிங்கைப் பிடிக்குமுன் நான் துடைப்பது போலவே. அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் யார் யாரோ அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். மலர் அடிக்கும்போது அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு கை மட்டும் தட்டுகிறாள்.

கடைசி செட்டில் தோற்றுவிட்டீர்கள். அதற்காக வருந்தாதே மலரு. சேகர் மேலேயும் கோபம் வேண்டாம். அவனுக்குப் பெண் பிறந்திருக்கிறது, பிறந்த அன்றே கையில் வாங்கிவிட்டான். கேஸ் நடக்கிறபடி நடக்கட்டும்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நான் ரூமுக்குப் போகவில்லை. கேம்புக்குப் பின்னால் மணல் தரையில் ஒரு வாலிபால் நெட் கட்டியிருக்கிறார்கள். வெயில் இன்னும் தணியாததால் ஆடுவதற்கு யாரும் வரவில்லை. ஓரமாக மணலில் உட்கார்ந்து வீடியோவை முதலிலிருந்து போட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். நெட்டைப் பார்த்தபடி சத்தத்தை மட்டும் கேட்டேன். உன் சர்வீஸுக்கு விசில் ஊதியதும், அந்த அப்பாக்களோடு சேர்ந்து நானும் கத்தினேன்: "மலரு, அடி!"