முட்டை தின்றால் சீழ் பிடிக்குமாம்

தங்கச்சிக்கு சிசேரியன் பண்ணித்தான் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்பிட்டியவிலுள்ள மாமியார் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். சில வாரம் கழித்து நான் போய்ப் பார்த்தால், தையல் போட்ட இடத்தில் ஒரு ஓரம் வாயைப் பிளந்து கிடக்கிறது. கிளினிக்கில் மருந்து கட்டி அனுப்புகிறார்கள், ஆறமாட்டேன் என்கிறது. முகமெல்லாம் வெளுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறாள்.

"என்னடி சாப்பிடுற?"

"சோறும் மிளகு ரசமும், அக்கா. பூண்டு சுட்டுக் குடுப்பாங்க."

"மீன், முட்டை? பருப்பாச்சும்?"

"முட்டை, மீன், எறச்சி தின்னா புண்ணு சீழ் பிடிக்குமாம். பருப்பு பிள்ளைக்கு வாயுவாம். அத்தை சொல்றாங்க."

பத்தியமாம் பத்தியம்! எனக்குத் தலைக்கேறிவிட்டது. வத்தேகமப் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். மாச்சத்துக்குக் காபோவைதரேற்று, கொழுப்புக்கு இலிப்பிட்டு, அப்புறம் புரதம், நியூக்கிளிக் அமிலம் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறேன். சோறு அடுப்புக்கு விறகு மாதிரி, எரிந்து சூடு தரும். அறுத்த தோலும் சதையும் திரும்ப வளரப் புரதம் வேண்டும். அது வானத்திலிருந்து விழாது, தின்கிற சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். போதாததற்கு இவள் பாலும் கொடுக்கிறாள். அதற்கும் இவள் உடம்பிலிருந்துதான் உருவிக்கொண்டு போகிறது.

அந்த வீட்டில் ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது என்றால்கூட மனம் ஆறியிருக்கும். தங்கச்சி புருஷன் என்னைப்போல உயிரியல் படித்தவர், பார்மசியில் வேலை. அன்றைக்கு ஞாயிறு. சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து, முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து கோழிக்கறி தின்றுகொண்டிருந்தார். வாசனை கட்டில்வரைக்கும் வருகிறது.

"ஏன் தம்பி, ஜிம்முக்குப் போற பொடியன்களுக்குப் புரோட்டீன் டின் விக்கிறீங்களே, என்ன சொல்லி விக்கிறீங்க? தசை வளரும்னுதானே? வயித்த வெட்டித் தைச்ச பொண்டாட்டிக்கு மட்டும் வளர வேணாமா?"

கையில் எலும்பை வைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா மனசு நோகும், அக்கா. இன்னும் கொஞ்ச நாள்தானே."

அட வெட்கங்கெட்ட மனுஷா, நோகிறது யாருக்கு!

நேரே குசினிக்குப் போய் முட்டை அவிய வைத்தேன். மாமியார் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து நின்றார்.

"ஒங்க படிப்ப பள்ளிக்கூடத்தோட வச்சுக்கங்க, டீச்சர். நானும் வயித்தக் கிழிச்சுத்தான் இவன் அப்பனப் பெத்தேன். இதே பத்தியந்தான் இருந்தேன்."

"ஒங்களுக்குப் புண்ணு எப்ப ஆறுச்சு?"

"அது மாசக்கணக்கா ஆறவே இல்ல. பிள்ளையத் தூக்க ஏலாது. என் மாமியார்தான் தூக்கி வளத்தாங்க. அப்புறம் அவன் எங்கிட்ட வரவே மாட்டான், அவங்களத்தான் தேடுவான். பொம்பளைன்னா அப்படித்தான்."

என்னமோ மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

முட்டையை உரித்துக் கொண்டுபோய்த் தங்கச்சியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்க மூஞ்சிய ஏன்டி பாக்குற? அவங்க தோள்ல கெடக்குறத பாரு. அதத் தூக்கி வளக்கப் போறது நீயா, அவங்களா?"

என் கையிலிருந்து முட்டையைப் பிடுங்கினாள். உப்புக்கூடத் தொடாமல், விக்க விக்கத் தின்றாள்.