பன்னிரண்டாவது மாதம் யாருடையது

மூன்றாம் வகுப்பு படித்த வருடம் எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்க வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் எந்தக் காகிதமும் என்னிடமிருந்து தப்பவில்லை. சீயக்காய்ப் பாக்கெட், பஸ் டிக்கெட், காந்தி மார்க்கெட்டில் அப்பா வேலை பார்த்த வாழைக்காய் மண்டியின் காலண்டர் என்று எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படித்தேன். "இவ வாயை மூடணும்னா வீட்டுல எழுத்தே இருக்கக் கூடாது" என்பார் அப்பா. அப்படித்தான் ஒருநாள், பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து, முத்திரைத்தாளில் எழுதிய வாடகை ஒப்பந்தம் என் கையில் சிக்கியது.

தென்னூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். தெருவே அவரை மேல்வீட்டம்மா என்றுதான் கூப்பிடும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், வீடு எங்களுக்குப் 'பதினோரு மாதங்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. நான் காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். வருடத்துக்குப் பன்னிரண்டு இருந்தது. அந்த மிச்சம் ஒரு மாதம்?

யோசித்ததில் விளங்கிவிட்டது. ஏப்ரலில் பரீட்சை முடிந்த மறுநாளே தொட்டியத்துக்கு, மாமா வீட்டுக்கு பஸ் ஏறுவோம். ஜூனில்தான் திரும்புவோம். அப்பாவும் அந்த மாதம் அங்கிருந்தே மண்டிக்குப் போய்வருவார். அவருக்கு வெந்நீர் தவிர வேறெதுவும் வைக்கத் தெரியாது என்பதுதான் காரணம். ஆனால் நான் கண்டுபிடித்த காரணம் வேறு. நாங்கள் லீவுக்குப் போகவில்லை. பன்னிரண்டாவது மாதம் வீடு மேல்வீட்டம்மாவுக்கு. அவர் கீழே வந்து எங்கள் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். போன ஜூனில் ஜன்னலோரம் ஒரு கொண்டை ஊசி கிடந்ததே! எங்கள் வீட்டில் கொண்டை போடுகிறவர்கள் யாரும் இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த வருடம் மே பிறந்தும் நாங்கள் தொட்டியத்துக்குப் போகவில்லை.

என்ன நடந்ததென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேல்வீட்டம்மாவின் மகன் துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். கீழ்வீட்டை சிநேகிதருக்கு செல்போன் கடை வைக்கக் கொடுப்பதாக அவருக்கு எண்ணம். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க சார்" என்று அப்பாவை வாசலில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். அப்பா உலகத்தில் யார் என்ன சொன்னாலும் "பாத்துக்கலாங்க தம்பி" என்பவர். அதையேதான் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு அம்மா அப்பாவோடு பேசவே இல்லை. பின்தெருவில் ஒரு குடும்பம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கதவில் வேறு பூட்டும் வாசலில் பாத்திரபண்டமுமாக இருந்த கதை அம்மாவுக்குத் தெரியும். அந்த மாதம் முழுக்க வீட்டை விட்டு ஒரு நாள்கூட நகர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். தொட்டியத்தில் அம்மாவின் தங்கைக்கு, என் சித்திக்கு, வளைகாப்பு. மாமா போன் மேல் போன் போட்டார். உடம்பு சரியில்லை என்றாள் அம்மா. கோயிலுக்குப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை. கத்தரிக்காய்கூட அப்பாதான் வாங்கிவந்தார். பாதிக்கு மேல் புழு.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்தவர் மாதத்தில் திருட்டுத்தனமாகக் குடியிருக்கிறோம்! நான் ஃபேன் போடுவதை விட்டேன். நுனிக்காலில் நடந்தேன். மேல்வீட்டம்மா படியிறங்கும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கஷாயம் கொடுத்தாள். ஒரு வாரம் தாங்கினேன். பிறகு ஒருநாள் காலையில், அம்மா தலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, மாடத்திலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

மேல்வீட்டம்மா முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க சாவி. இது உங்க மாசம். அம்மாவுக்குத் தெரியல, அதான் இன்னும் இருக்காங்க. சாயங்காலம் போயிடுவோம்" என்றேன்.

மகன் இடது கையால் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாத்தியாம்மா? பெரியவங்களுக்கு உறைக்கல, பாப்பாவுக்கு உறைச்சிருக்கு. சாவியே வந்தாச்சு, இனிமே என்ன பேச்சு?"

"இருடா" என்றார் மேல்வீட்டம்மா. "அதென்ன பாப்பா, என் மாசம்?"

பதினோரு மாதக் கணக்கை விளக்கமாகச் சொன்னேன். கொண்டை ஊசியையும் விடவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த கீரையில் பாதி தரைக்கு வந்துவிட்டது. மகன் சிரிக்கவில்லை.

அதற்குள் அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். மகனின் சட்டைப் பையில் துருத்திய சாவியைப் பார்த்தாள்.

"தம்பி, சாவியைக் குடுங்க."

"உங்க பொண்ணுதாங்க்கா குடுத்தது. அக்ரிமெண்ட்டும் ஏப்ரலோட முடிஞ்சிடுச்சுல்ல?"

"மூணு வருஷமா ஏப்ரலோடதான் முடியுது. அப்புறமும் மே மாச வாடகையை உங்கம்மா அஞ்சாந்தேதி கைநீட்டி வாங்கிக்கிட்டாங்களே, அது எதுக்கு? வீடு உங்களுது தம்பி, இல்லைங்கல. போக மாட்டேன்னும் சொல்லல. ஆனா சொன்னதுக்கப்புறம் ரெண்டு மாசம் டைம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஆணி அடிக்கக் கூடாதுன்னும் அதுலதான் எழுதியிருக்கு. மூணு வருஷமா சாமி படத்தை ஷெல்ஃபுல சாய்ச்சுத்தான் வச்சிருக்கேன், வந்து பாருங்க. எங்களுக்கு எழுதினது எங்களுக்குன்னா, உங்களுக்கு எழுதினது உங்களுக்கில்லையா?"

"எனக்கு லீவு ஒரு மாசந்தாங்க்கா."

"உங்க லீவு அதுல எழுதலையே தம்பி."

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குரல் உயரவே இல்லை. விரல்கள் மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன.

மேல்வீட்டம்மா கீரைக்காம்பைக் கீழே போட்டார். "சாவியைக் குடுத்துடுடா. எட்டு வயசுப் புள்ள கையிலேருந்து சாவி வாங்கித்தான் வீட்டைக் காலி பண்ண வச்சான்னு தெரு பேசறதுக்கா துபாய்க்குப் போனே? ரெண்டு மாசம்னா ரெண்டு மாசம். கடை எங்க ஓடிடப்போவுது."

மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சாவியை அம்மாவிடம் தரவில்லை, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அம்மா அதை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்தாள். துண்டு அவிழ்ந்து ஒவ்வொரு படியிலும் தண்ணீர் சொட்டியது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"ஏண்டி குடுத்தே?"

"பதினோரு மாசம்னு எழுதியிருக்கும்மா. நீ படிக்கலையா?"

அம்மா "இல்லடி, படிக்கல" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் ரொம்பப் பாவமாக இருந்தது.

வளைகாப்புக்கு அப்பா மட்டும் போய்வந்தார். தூக்கில் புளிசாதமும் தயிர்சாதமும், காகிதத்தில் சுற்றி எனக்கு ஆறு பச்சை வளையலும் கொண்டுவந்தார். அம்மாவுக்கு என்று சித்தி எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அம்மா காகிதத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டாள். சித்தி இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை.

சொன்னபடி ஜூலை முதல் வாரத்தில் காலி செய்தோம். அதற்குள் ஸ்ரீரங்கத்தில் வீடு கிடைத்தது, எனக்கு அங்கே ஸ்கூலும் கிடைத்தது. கிளம்பும் அன்று அம்மா தரை கழுவி, ஜன்னல் கம்பிகளைத் துடைத்து, எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அடித்த ஆணி ஓட்டைகளைக்கூடச் சுண்ணாம்பு வைத்து அடைத்தாள். வாசலில் மேல்வீட்டம்மாவிடம் சாவியைத் தானே கொடுத்தாள். என் பங்குக்கு, அவருடைய ஒரு மாதத்தோடு கூட இன்னொரு மாதத்தையும் எங்களுக்கு இனாமாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை சத்தமில்லை.

போன மாதம் நான் எனக்கென்று ஒரு வாடகை வீடு பார்த்தேன். ஒப்பந்தத்தில் பதினோரு மாதம் என்றுதான் இருந்தது. ஒரு வருடம் என்று எழுதினால் பத்திர ஆபீசில் பதிவு செய்ய வேண்டும், அந்த அலைச்சலுக்குப் பயந்து எல்லோரும் பதினொன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றார் புரோக்கர். வீட்டுக்கு வந்து அம்மாவின் பீரோவில் தென்னூர்த் தாளைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் 'முன்னறிவிப்பு' என்று தொடங்கும், இரண்டு மாதக் கெடு சொல்லும் வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. திரும்பத் திரும்பப் போட்டதில் தாளே நைந்திருந்தது. எட்டு வயதிலும் அந்தக் கோட்டை நான் பார்த்தேன். வார்த்தை நீளமாக இருந்ததால் படிக்காமல் தாண்டிப் போய்விட்டேன்.