கடற்பூவும் செப்புக்குடமும்

கடல் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர் முதலில் அறிய வேண்டியது, உப்பு ஆவியாகாது என்பதுதான். தொட்டியில் மட்டம் இறங்கினால் போனது தண்ணீர் மட்டும். உப்பு முழுவதும் உள்ளேயே நிற்கிறது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீர் விடக் கூடாது. இது எனக்கு விளங்கச் சில நாட்கள் எடுத்தது. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். அப்போது கடல் எங்களுக்குப் பக்கத்திலேயே கிடந்தபடியால் அதை வீட்டுக்குள் வைப்பதைப் பற்றி யாரும் படிப்பிக்கவில்லை.

யூரோக் காசு வந்து சில காலம் ஆகியிருந்தது. ஜெர்மனியில், பீலெஃபெல்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் இரண்டாம் தட்டில் நாங்கள் இருந்தோம். நான் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். எங்களுக்கு நேர் கீழே ஓய்வு பெற்ற ஒரு ஜெர்மன்காரரும் மனைவியும். படிக்கட்டுக் கழுவும் முறை எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும். அந்த வகையில்தான் பழக்கம். அந்தக் கணவர் வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. செத்தவீடு முடிந்து கொஞ்ச நாளில் அந்த அம்மா மேலே வந்து எங்கள் வாசலில் நின்றார். அவர் பேசியது டொச், அதாவது ஜெர்மன். நான் விளங்கிக்கொண்டபடி எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"என்ர மனிசன்ர தொட்டியை நீங்கள் எடுங்கோ. தண்ணி தூக்க எனக்கு ஏலாது."

"எங்களுக்கு உதைப் பற்றி ஒண்டும் தெரியாதே."

"வாங்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். ஆனா வாங்கினால் கொண்டுபோயிடுவினம். உங்களிட்ட இருந்தால் இந்தக் கட்டடத்திலேயே நிக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில வந்து பார்த்துட்டுப் போவன்."

ஏன் எங்களைக் கேட்கிறார் என்று விசாரித்தேன். எங்கள் யன்னலில் நாளும் பொழுதுபட விளக்கு எரிவதை அவருடைய கணவர் முற்றத்திலிருந்து பார்ப்பாராம். ஒரு வேலையை ஒருநாளும் விடாமல் செய்கிற ஆட்கள் என்று சொல்லியிருக்கிறார். சாமி விளக்கை அவர் அப்படி எடுத்திருக்கிறார். நான் ஓம் என்றேன்.

அந்த அம்மா பார்க்க வருவது மீனை அல்ல. தொட்டியின் நடுக்கல்லில் ஒரு கடல் அனிமோன் இருந்தது. எங்கள் வீட்டில் அதைக் கடற்பூ என்றோம். கணவர் வாங்கி வந்தபோது பெருவிரல் நகமளவு இருந்ததாம். எங்களிடம் வந்தபோது சோற்றுக் கோப்பை அளவு விரிந்து நின்றது. வெள்ளைப் பட்டை போட்ட செம்மஞ்சள் மீன்கள் இரண்டு அதற்குள் குடியிருந்தன. கணவர் காலையில் கோப்பியோடு அதன் முன்னால்தான் நிற்பாராம்.

"என்னை விட அதைத்தான் கூடப் பார்த்தவர்," என்றார் அந்த அம்மா. குறையாகச் சொல்லவில்லை.

தொட்டி வந்த அன்று என் மனைவி கொஞ்ச நேரம் முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உது பூவோ மிருகமோ?"

"மிருகமாம்."

"என்ன தின்னும்?"

"றால்."

"வெள்ளிக்கிழமையிலயுமோ?"

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. கந்தசட்டி வந்தால் அடுப்பே கழுவப்படும். விரதத்துக்குத் தனிச் சட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒருநாளும் மீன் பட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் குளிர்ப்பெட்டிக்குள் உறைந்த இறால் வர வேண்டியிருந்தது. மனைவி யோசித்தாள். பிறகு அதை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவைப் பையில் போட்டுக் கட்டி, அடித்தட்டில் வைத்தாள்.

"நாங்கள் தின்னேல்லைத்தானே. அதின்ர சமயம் வேற," என்றாள்.

சாம்பிராணியும் ஒரு பிரச்சினையானது. தொட்டியில் நுரை எடுக்கும் குழாய் ஒன்று உண்டு. அது அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடும். அறையில் புகை என்றால் தண்ணீரிலும் புகை. சாமித்தட்டும் தொட்டியும் ஒரே அறை. தொட்டியை நகர்த்த ஆறு பேர் வேண்டும். சாமியை நகர்த்த ஒருவர் போதும், ஆனால் யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை. கடைசியில் சாம்பிராணி பால்கனிக்குப் போனது. பனிக்காலத்தில் மேற்சட்டை போட்டுக்கொண்டு போய்க் காட்டினோம்.

வருகிற நம் ஆட்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்.

"அண்ணை, உதில எது குழம்புக்கு நல்லம்?"

"எல்லாம் கசக்கும்," என்பேன். தெரிந்து சொன்னதல்ல.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் கடல்மீன் கடை வைத்திருந்த ஒரு மெலிந்த மனிதர் எனக்கு முறைகள் சொல்லித் தந்தார். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் விட வேண்டும், ஆனால் சவர்க்காரம் போடக் கூடாது. வாசனை எண்ணெய் பூசிய கை ஆகாது. தொட்டிக்கு எடுக்கிற பாத்திரத்தை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. தீனியைக் குறைத்துப் போட வேண்டும். எதையும் அவசரமாக மாற்றக் கூடாது. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது இதையெல்லாம் மனைவிக்குச் சொன்னேன்.

"இது விரதம் மாதிரி எல்லோ," என்றாள். "முதலே சொல்லியிருக்கலாமே."

அன்றிலிருந்து தொட்டியை அவள் பொறுப்பெடுத்துக்கொண்டாள். தொட்டியோடு வந்த தண்ணீர் வடிகட்டியைக் குசினிக் குழாயில் நான் பொருத்தினேன். அதிலிருந்து சுத்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். ஒரு பாத்திரம் நிறைய இரவு முழுக்க வேண்டும். எந்தப் பாத்திரம் என்பதுதான் கேள்வி. நீல வாளி நிலம் துடைப்பது. சிவப்பு வாளி உடுப்பு ஊறப்போடுவது. மூடி போட்ட வெள்ளை வாளியில் ஒருமுறை ஆட்டிறைச்சி வந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்தாள். கடைசியில் கும்பம் வைக்கும் செப்புக்குடத்தை இறக்கினாள். கோயில் தேர்த் திருவிழாவில் கடை போட்டவர்களிடம் வாங்கியது. எங்கள் வீட்டில் அதைவிடச் சுத்தமான பாத்திரம் கிடையாது. நாளும் பழப்புளி போட்டு மினுக்கினாள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

விடிய அவள் குளித்து, விளக்கேற்றி, பிறகு குடத்தை எடுத்து வந்து தொட்டிக்குள் தண்ணீர் விடுவாள். கடைக்காரர் மெதுவாக விடச் சொல்லியிருந்தார். அவள் சிவலிங்கத்துக்கு விடுவது போல விட்டாள்.

முதலில், பாசி தின்னும் நத்தைகள் தொட்டிக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. மணலில் மல்லாந்து கிடந்தவற்றை நிமிர்த்தி வைத்தேன், திரும்பவும் விழுந்தன. பிறகு கல்லிடுக்கில் மீசையை ஆட்டிக்கொண்டிருந்த இறால் செத்தது. பிறகு கடற்பூ சுருங்கத் தொடங்கியது. கோப்பை அளவு இருந்தது பொத்திய கையளவு ஆனது. வாய் பிளந்து கிடந்தது. இரண்டு மீனும் வெளியே நின்றன, வீட்டுக்காரன் கதவைப் பூட்டிவிட்டுப் போன வாடகைக் குடிமாதிரி.

சூடு பார்த்தேன், சரி. உப்பு அளந்தேன், சரி. வேறென்ன பார்ப்பது என்று தெரியாமல் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்கு அதன் நட்சத்திரம் தெரியாது. சாமி பேருக்கே செய்யச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கீழ்வீட்டு அம்மா வழக்கமான கதிரையில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார்.

"சுருங்கிப் போச்சு."

"ஓம்," என்றேன்.

"எப்ப தொடக்கம்?"

"இந்தக் கிழமை. ஏனெண்டு தெரியேல்லை."

அவர் தேத்தண்ணியில் பாதி குடித்தார். "ஆஸ்பத்திரியில அவர் கடைசியாக் கேட்டதும் அதைப் பற்றித்தான். நல்லா இருக்கெண்டு சொன்னன். அப்ப நல்லாத்தான் இருந்தது." கோப்பையை வைத்தார். "அது போயிட்டுதெண்டால் எனக்குச் சொல்லுங்கோ. இன்னொண்டை வாங்கி வைக்கவேண்டாம். எனக்கு அதைத் தெரியும்."

மனைவிக்கு டொச் அவ்வளவு வராது. ஆனால் இது விளங்கிவிட்டது. அவர் போன பிறகு அவள் குடத்தை இன்னும் ஒருமுறை மினுக்கினாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் போத்தலைத் திறக்க முதலே கேள்விகள் கேட்டார்.

"நத்தை செத்ததோ?"

"ஓம்."

"மீனுக்கு ஒண்டும் இல்லை?"

"நல்லா ஓடித் திரியுது."

"அப்ப செம்பு. மீனுக்கு மருந்து ஏதும் விட்டனீங்களோ?"

"இல்லை."

"குழாய்த் தண்ணியோ?"

"இல்லை, வடிகட்டினதுதான்."

"எதில பிடிக்கிறீங்கள்?"

நான் குடத்தைப் பற்றிச் சொன்னேன். கோயில் வாசலில் வாங்கியது, சாமியைத் தவிர வேறெதற்கும் எடுப்பதில்லை, நாளும் புளி போட்டு மினுக்குவது. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார்.

"நாளுமோ?"

"நாளும்."

"மினுக்காமல் விட்டிருந்தால் கொஞ்சம் குறைவாக் கரைஞ்சிருக்கும்."

தண்ணீரில் துளி மருந்து விட்டுக் காட்டினார். நிறம் மாறியது. பிறகு விளக்கினார். வடிகட்டிய தண்ணீர் வெறும் தண்ணீர். எதில் நிற்கிறதோ அதிலிருந்து இழுக்கும். இரவு முழுக்கச் செம்பில் நின்றால் செம்பை இழுக்கும். மனிதருக்கும் மீனுக்கும் அந்த அளவு தெரியாது. நத்தை, இறால், அனிமோன் இவற்றுக்கு அது நஞ்சு. செம்பு, பித்தளை ஒன்றும் கடல் தொட்டிக்குக் கிட்ட வரக் கூடாது. உணவு வைக்கப் பாவிக்கிற பிளாஸ்ரிக் போதும், ஆனால் புதிதாக இருக்க வேண்டும். செம்பை உறிஞ்சும் பொட்டலம் ஒன்றும் கரியும் தந்தார். கிழமைக்குக் கிழமை, ஏழு நாளுக்கொருமுறை, கொஞ்சம் தண்ணீர் மாற்றச் சொன்னார்.

"கடற்பூ பிழைக்குமோ?" என்றேன்.

"அதின்ர அடிக்கால் கல்லைப் பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப பாருங்கோ. தீனி வைக்கவேண்டாம். தொடவேண்டாம்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"சாமிக்கு ஆகிறது உதுக்கு ஆகாதாமோ?"

"ஆகாதாம்."

"மினுக்கினதும் பிழையோ?"

"அது இன்னும் பிழையாம்."

மிச்சப் போஞ்சியையும் வெட்டி முடித்தாள். கை கழுவினாள். குடத்தை எடுத்தாள்.

"செம்புக்கு டொச்சில என்ன?"

"குப்ஃபர். எங்க போறீர்?"

"கீழ. அம்மாட்டைச் சொல்லப் போறன்."

"நில்லும், நானும் வாறன். உமக்கு டொச்..."

"என்ர பிழைக்கு என்ர டொச் காணும்," என்று படியிறங்கினாள்.

நான் மேற்படியில் நின்று கேட்டேன். மணி அடித்தது, கதவு திறந்தது. குப்ஃபர் என்ற சொல் பலமுறை கேட்டது. நடுவில் அனிமோன், நத்தை, நான், நான். பிறகு உள்ளே எங்கேயோ ஒரு கதவு திறந்து மூடியது.

இருவரும் மேலே வந்தார்கள். மனைவியின் கையில் குடம். அந்த அம்மாவின் கையில் ஒரு பழைய சாம்பல்நிறப் பிளாஸ்ரிக் வாளி. கம்பி கையை வெட்டாமல் இருக்க, கைபிடியில் சைக்கிள் ரப்பர் ஏற்றியிருந்தது.

"இது அவற்ர வாளி," என்றார் என்னிடம். "கன வருஷமாத் தொட்டித் தண்ணிக்கு மட்டும்தான். சவர்க்காரம் பட்டதில்லை. எல்லாம் உங்களிட்டத் தந்தனான், இதை மட்டும் தரேல்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால கொழுவி வைச்சிருந்தன். ஒண்டுக்கும் எடுக்கிறதில்லை. இதைத் தந்திருந்தால் அவ குடத்துக்குப் போயிருக்கமாட்டா."

நான் இதைத் தமிழில் சொன்னேன். மனைவி குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு வாளியை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கேளுங்கோ, இதை நிலத்தில வைக்கலாமோ?"

கேட்டேன். அவருடைய கணவர் எப்போதும் கொழுவித்தான் வைப்பாராம். குசினியில் விரதச் சட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தேன். வாளி அங்கே போனது. செப்புக்குடம் சாமிக்கே திரும்பிப் போனது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பல கிழமைகள் ஒன்றும் நடக்கவில்லை. கடல் தொட்டியில் கெட்டது விரைவாக வரும், நல்லது அப்படி வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா வந்தார், பொத்திய கையளவு கிடந்ததைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், போனார். நானும் மனைவியும் விளக்கு வைக்கும்போது அதையும் சேர்த்துக் கும்பிட்டோம்.

ஒருநாள் கடற்பூ கல்லை விட்டு நடக்கத் தொடங்கியது. பயந்து கடைக்காரரிடம் ஓடினேன். நடந்தால் உயிர் இருக்கிறது என்றார். ஆனால் தண்ணீரை இழுக்கும் பம்பின் வாயை மூடாவிட்டால் அதற்குள் போய் அரைபட்டுவிடும் என்றும் சொன்னார். வலைத்துணி சுற்றிக் கட்டினேன். கடற்பூ மெல்ல மெல்லக் கல்லின் பின்பக்கம் போய், சாமித்தட்டுப் பக்கமாக ஓர் இடுக்கில் காலை ஊன்றிக்கொண்டது. அங்கேயே விரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையின் அடித்தட்டளவு. அதற்குள் ஒரு மீன் போனது.

அந்த ஞாயிறு அம்மா வந்து வழக்கமான கதிரையில் இருந்தார். அங்கிருந்து வெறுங்கல்தான் தெரிந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்து, "அது இருக்கு, மற்றப் பக்கம் போயிட்டுது," என்றேன்.

மற்றப் பக்கம் பார்ப்பதென்றால் சாமிக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்ததில்லை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சாமித்தட்டைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பிறகு தானே கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமித்தட்டுக்கு முன்னால் போட்டாள், கொஞ்சம் சரித்து.

"இருங்கோ அம்மா," என்றாள் தமிழில்.

அவர் இருந்தார். தேத்தண்ணி ஆறியது. இரண்டாவது மீனும் உள்ளே போனது.

"சின்னனாப் போச்சு," என்றார் கடைசியில்.

"ஓம்," என்றேன்.

"அவர் வாங்கி வரேக்க இதிலும் சின்னன்."

கடற்பூ தானாகப் போய் ஓர் இடம் பிடித்தால் அதைப் பிடுங்கி முன்னால் கொண்டுவந்து வைக்கக் கூடாது. கால் கிழிந்துவிடும். கதிரையைத்தான் நகர்த்த வேண்டும்.